மாண்டிசோரி அட்டைகளை வீட்ல எப்படிப் பிரிச்சு வைக்கறீங்க? சின்ன வீடு, ரெண்டு குழந்தைங்க, 247 எழுத்து

வேளச்சேரி_மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு நாலு வயசு, பையனுக்கு ஒன்றரை. வேளச்சேரியில ரெண்டாவது மாடி, ஒரு பெட்ரூம் வாடகை வீடு. நாங்க ரெண்டு பேர், குழந்தைங்க, அத்தை. பொண்ணு ஒரு மாண்டிசோரி பள்ளிக்குப் போறா. அங்க அட்டை எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு. வீட்டிலயாவது தமிழ்ல இருக்கணும்னு நானே த்ரீ பார்ட் கார்டு தயார் பண்றேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு பொருளுக்கு மூணு துண்டு. முழு அட்டையில படமும் கீழே பேரும் இருக்கும். ரெண்டாவதுல படம் மட்டும். மூணாவது, பேர் மட்டும் எழுதின சீட்டு. குழந்தை படத்தையும் பேரையும் ஜோடி சேர்த்துட்டு, முழு அட்டையைப் பக்கத்துல வெச்சு சரியா இருக்கான்னு தானே பார்த்துக்கும். நாம சரி, தப்புன்னு சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு இந்த அட்டைகள் மேல இவ்வளவு ஆசை வந்ததே அதனாலதான்.

இப்ப கையில பழம், காய்கறி, சமையலறைச் சாமான், இலை வடிவம், வாத்தியங்கள் (தவில், நாதஸ்வரம், கடம், மோர்சிங்) எல்லாம் இருக்கு. அப்புறம் பறவைகள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்துலயே இருக்கறதால அந்த செட் மட்டும் வளர்ந்துக்கிட்டே போகுது: மைனா, மீன்கொத்தி, செம்போத்து, தவிட்டுக்குருவி, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி. தமிழ் எழுத்துல உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முடிச்சாச்சு. இப்ப உயிர்மெய்யில க வரிசை ஓடுது.

எல்லாம் ஒரே பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கு. பறவை வேணும்னு உட்கார்றா. தேடி எடுக்கறதுக்குள்ள கடம் வருது, கத்திரிக்காய் வருது, மனசு வேற எங்கயோ போயிடுது. மழை மாசம் வந்தா சுவத்துல இருக்கற சிமெண்ட் ஷெல்ஃப் ஓதம் ஏறி நிக்குது. சில அட்டையோட ஓரம் பிரிஞ்சு உள்ளே தண்ணி கோத்த மாதிரி ஆயிடுச்சு. வெள்ளிப்பூச்சியும் பார்த்தேன். பையன் கையில கிடைச்ச பேர்ச்சீட்டை வாயில போட்டு மெல்றான். சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துக்குத் தரையில எதுவும் கிடக்கக் கூடாதுங்கறது அத்தையோட வழக்கம், அதனால எல்லாத்தையும் அள்ளி டப்பாவுல போட்டு மூடிடறாங்க. அவங்க வீட்டைச் சுத்தமா வெச்சுக்கறாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுக்குத் தோதா ஒரு ஏற்பாடு வேணும், அவ்வளவுதான்.

நீங்க எல்லாம் எதுல வைக்கறீங்க? இன்னும் படிக்கத் தெரியாத குழந்தை தானே கண்டுபிடிச்சு எடுக்கற மாதிரி எப்படிக் குறி போடறது? 247 எழுத்தும் அச்சடிச்சா எங்கே வைக்கறது?


சிவகாசி_அச்சு எழுதியது:

ஓரம் பிரியறதைப் பத்தி மட்டும் நான் சொல்றேன் சகோதரி. மத்தது அனுபவப்பட்டவங்க சொல்லுவாங்க. நான் சிவகாசியில பிரஸ்ல வேலை பார்க்கேன்.

நீங்க முழுத் தாளையும் லேமினேஷன் போட்டுட்டு அப்புறம் அட்டையா வெட்டுறீங்கன்னு நினைக்கேன். அப்படி வெட்டினா பேப்பர் ஓரம் திறந்தே கிடக்கும், ஈரம் அது வழியாத்தான் உள்ளே போகும். முதல்ல அட்டையை வெட்டணும். மூலையைக் கார்னர் கட்டிங் பண்ணணும். அதுக்கப்புறம் ஏ4 பவுச்சுக்குள்ள அட்டைக்கு அட்டை 6 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கி, மெஷின்ல விட்டு, அந்த இடைவெளிக்கு நடுவுல வெட்டணும். நாலு பக்கமும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் நிக்கும். மேல் ஃபிலிமும் கீழ் ஃபிலிமும் அங்கதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. ஈரத்தைத் தடுக்கிறது அந்த 3 மி.மீ.தான். பிளாஸ்டிக் மூலையையும் மறுபடி ஒருக்கா உருட்டி வெட்டுங்க, இல்லைன்னா குழந்தை கையைக் கீறும்.

பவுச் 125 மைக்ரான் போதும். பேப்பர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. வீட்டு இங்க்ஜெட்ல எடுக்கிறதா இருந்தா நல்லாக் காயவிட்டு மறுநாள் லேமினேட் பண்ணுங்க. மை ஈரத்தோட உள்ளே போனா பின்னாடி பரவும். டிஜிட்டல் பிரஸ்ல கொடுத்தா 12க்கு 18 தாள்ல, 3½க்கு 5½ அங்குல அட்டை ஒன்பது வரும், ஓரத்துக்கும் இடம் கிடைக்கும். எந்த அளவு எடுத்தாலும் சரி, ஒரு செட்டுக்குள்ள எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும். நம்ம தொழில்லயே அளவு மாறின தாள் ஒழுங்கா அடுக்காது.

ரிங் போட ஓட்டை குத்தாதீங்க, அந்த ஓட்டை வழியா ஈரம் ஏறும். ரப்பர் பேண்டும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு இளகி அட்டையிலேயே ஒட்டிக்கிடும், உரிச்சா படத்தோட வரும். செட்டுக்குன்னு ஏதாவது குறி போடணும்னா பின்பக்கம் அச்சிலேயே போட்டு, அதுக்கு மேல லேமினேஷன் வரணும். மேலே ஒட்டுற ஸ்டிக்கர் எல்லாம் மழைக்காலத்துல உதிர்ந்துரும்.

இப்படிச் செஞ்ச அட்டை நூறை அடுக்கினா சுமார் 6 செ.மீ. உயரம் வரும். பெட்டி வாங்கும்போது அந்தக் கணக்கு உதவும்.


காந்திபுரம்_அப்பா எழுதியது:

எங்க வீட்ல ஏ4 பட்டன் ஃபோல்டர்தானுங்க. செட்டுக்கு ஒண்ணு, அஞ்சாறு கலர்ல கிடைக்குது. பறவை நீலம், செடி பச்சைன்னு பிரிச்சு பீரோவுல புத்தகம் மாதிரி நிறுத்தி வெச்சிருக்கோம். செட்டு முழுசையும் தரையில பரப்பி ஒரு போட்டோ எடுத்து, சின்னதா பிரிண்ட் போட்டு ஃபோல்டர் உள்ளயே வெச்சிருக்கேன். எது காணோம்னு பார்த்தவுடனே தெரிஞ்சுரும். பையனுக்கு அஞ்சரை வயசு, தானே எடுத்துக்கறானுங்க.


ஆத்தங்குடி எழுதியது:

வேளச்சேரி தங்கச்சிக்கு. நான் சென்னையில மாண்டிசோரி பள்ளிகள்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்துட்டு, இப்ப காரைக்குடி பக்கம் எங்க ஊருக்கே வந்துட்டேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் சொல்லணும்னு தோணினதை எல்லாம் எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல் விஷயம், உங்களுக்கு ரெண்டு இடம் வேணும். ஒண்ணு உங்களோட சேமிப்பு. இன்னொண்ணு குழந்தையோட அலமாரி. இந்த ரெண்டையும் ஒரே டப்பாவால செய்யப் பார்த்தா எவ்வளவு நல்ல டப்பா வாங்கினாலும் கலைஞ்சுதான் போகும். சேமிப்பு உயரத்துல, மூடி, பூச்சி படாம இருக்கணும். குழந்தையோட அலமாரி அவ இடுப்பு உயரத்துல, திறந்து, எல்லாம் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். சேமிப்புக்குக் காந்திபுரம் தம்பி சொன்ன பட்டன் ஃபோல்டர் அருமையான யோசனை. அந்தப் போட்டோவையும் கட்டாயம் செய்யுங்க. ஆனா நாலு வயசுக் குழந்தையோட அலமாரிக்கு ஃபோல்டர் ஆகாது. பட்டனை அழுத்தி மூடணும், சரிவா உருவணும், உள்ளே என்ன இருக்குன்னு வெளியே தெரியாது. எழுத்து வாசிக்கற அஞ்சரை வயசுப் பையனுக்கு அது பொருந்துது, சந்தோஷம்.

அலமாரியில அட்டை வேலை ரெண்டு, மிஞ்சினா மூணு. மத்த இடத்துல அவளுக்குப் பிடிச்ச வேற வேலைகள். ஒரு வேலைக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டை எடுத்தா அந்த வேலைக்கு வேண்டியது எல்லாம் அதுல இருக்கணும், வேண்டாதது ஒண்ணும் இருக்கக் கூடாது. பறவை அட்டை இருபது இருந்தாலும் தட்டுல ஆறு போதும். அந்த ஆறும் பழகினதுக்கப்புறம் ரெண்டை மாத்தி வேற ரெண்டு வைங்க. எப்போ மாத்தறதுங்கறதை நாட்காட்டி சொல்லக் கூடாது, அவ சொல்லணும். ஒரு தட்டை அவ திரும்பியே பார்க்கலைன்னா உள்ளே எடுத்து வைங்க. தினம் எடுக்கறான்னா ஆறு மாசம் ஆனாலும் அங்கேயே இருக்கட்டும்.

பேர்ச்சீட்டு இப்ப அலமாரிக்கே வர வேண்டாம். அவ இன்னும் வாசிக்க ஆரம்பிக்கலை இல்லையா? முழு அட்டையும் பட அட்டையும் போதும், படத்துக்குப் படம் ஜோடி சேர்க்கட்டும். பேர் உங்க வாயால வரட்டும். ‘இது செம்போத்து. இது மீன்கொத்தி.’ அப்புறம் ‘செம்போத்து எது, எடு பார்ப்போம்?’ ரொம்ப நாள் கழிச்சுத்தான் ‘இது என்ன?’ இந்த மூணு படிக்கும் சீட்டே தேவையில்லை. சீட்டு சேமிப்புக்குப் போயிட்டா பாதி கலைச்சல் குறையும், பையன் மெல்றதும் தன்னால நிக்கும். ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கற வீட்ல அந்தச் சின்னச் சீட்டுகளைத் தரை மட்டத்துல வைக்கவே கூடாதும்மா. லேமினேஷன் துண்டு தொண்டையில மாட்டினா ஆபத்து.

எந்த ஆறு அட்டையை வெளியே வைக்கறதுன்னு அடுத்து ஒரு கேள்வி வரும். இதுல நான் ரொம்பப் பிடிவாதம். குழந்தை நிஜமாப் பார்த்த பொருளோட அட்டைதான் அலமாரிக்கு வரணும். இந்தக் கல்வி முறையை உருவாக்கின மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பர்ல அடையாறு தியாசஃபிக்கல் சொசைட்டிக்கு வந்தவங்க. அப்போ சொசைட்டித் தலைவரா இருந்த ஜார்ஜ் அருண்டேல் அழைச்சு வந்தாங்க, உலகப்போர் காரணமா இங்கேயே தங்கும்படி ஆச்சு. 1942-லிருந்து 44 வரைக்கும் கொடைக்கானல்ல இருந்தாங்க. அந்த மலையில குழந்தைங்க வேலை பார்த்தது கையில எடுத்த செடி, இலை, பூச்சியோட. பொருள் முதல்ல, படம் அப்புறம், பேர் அதுக்கும் அப்புறம். இந்த வரிசையை நான் வேலை பார்த்த எந்த இடத்துலயும் மாத்தினதில்லை. உங்க இலை வடிவ செட்டையே எடுத்துக்குங்க. பூஜைக்கு வாங்கின வெத்திலை இதய வடிவம். வாசல்ல கட்டின மாவிலை ஈட்டி வடிவம். தெருமுனை அரசமரத்து இலையும் இதயம்தான், ஆனா நுனியில வால் இருக்கு. இந்த மூணையும் தட்டுல வெச்சுட்டுப் பக்கத்துல அட்டை வைங்க. கூழைக்கடாவைப் பள்ளிக்கரணையில பார்த்துட்டு வந்த வாரம் கூழைக்கடா அட்டை வெளியே வரட்டும். மாம்பழம் சித்திரை, வைகாசியில. இப்படிப் பார்த்தா சேமிப்புல எது முன்னாடி, எது பின்னாடின்னு உங்களுக்கே வரிசை கிடைச்சிடும். நான் சேமிப்பை மாச வாரியா வெச்சிருந்தேன்.

எதுல வைக்கறதுன்னு கேட்டீங்க. எங்க பக்கம் பனை ஓலையில கொட்டான் முடைவாங்க. சதுரமா, மூடி போட்டும் போடாமலும் கிடைக்கும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. மூடி இல்லாத தட்டையான கொட்டான்ல ஒரு செட் அட்டை அழகா உட்காரும். காத்தோட்டம் இருக்கும், குழந்தை ரெண்டு கையாலயும் தூக்கலாம், கீழே விழுந்தாலும் உடையாது. அது கிடைக்கலைன்னா எவர்சில்வர் தட்டு போதும். தட்டுக்குள்ள முழு அட்டை ஒரு கட்டு, பட அட்டை ஒரு கட்டு. இதுக்கு நான் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளை எடுத்து வெச்சுக்குவேன். ஒரு பையை நடுவுல ஒரு தையல் போட்டா ரெண்டு அறை ஆயிடும். மிட்டாய் டப்பா மட்டும் வேண்டாம், எவ்வளவு துடைச்சாலும் எண்ணெய் வாசத்துக்கு எறும்பும் கரப்பானும் வரும்.

படிக்கத் தெரியாத குழந்தைக்குக் குறி எதுவும் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டாம். பறவைத் தட்டோட முன் விளிம்புல மைனா படம். அலமாரியில அந்தத் தட்டு உட்கார்ற இடத்துலயும் அதே மைனா படம். படத்தையும் படத்தையும் சேர்க்கறது அவ அட்டையில செய்யற அதே வேலைதானே, தட்டைத் திருப்பி வைக்கும்போதும் அதையே செய்யறா. அட்டைக்குப் பின்னாடி, சிவகாசித் தம்பி சொன்ன மாதிரி, அச்சிலேயே செட்டுக்கு ஒரு நிறப் புள்ளி. அது பெரியவங்களுக்கு, கட்டிலுக்கடியில கண்டெடுத்த அட்டை எந்த செட்டுன்னு தெரிய. நிறம் தேர்ந்தெடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. மாண்டிசோரியில கண்டங்களுக்கு நிறம் ஏற்கெனவே இருக்கு: ஆசியா மஞ்சள், ஆப்பிரிக்கா பச்சை, ஐரோப்பா சிவப்பு, வட அமெரிக்கா ஆரஞ்சு, தென் அமெரிக்கா ரோஸ், ஆஸ்திரேலியா பழுப்பு, அண்டார்டிகா வெள்ளை. பின்னாடி எந்த மிருகம் எந்தக் கண்டம்னு அட்டை பண்ணும்போது இந்த நிறங்கள் வேணும். அதனால மத்த செட்டுக்குப் புள்ளிக்குப் பதிலாக் கட்டம், முக்கோணம்னு வடிவத்தையும் சேர்த்து மாத்திக்குங்க.

அத்தை விஷயம். அவங்க வழக்கம் உங்களுக்குப் பெரிய உதவி. விளக்கேத்தற நேரம் தினமும் மாறாம வர்ற நேரம். குழந்தைக்கு அந்த மாதிரி ஒரு நேரம் கிடைக்கறது அபூர்வம். விளக்கு ஏத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அத்தையே, ‘கண்ணு, உன் தட்டு எல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சா?’ன்னு கேட்கட்டும். தட்டுல மைனா படம் இருக்கறதால அவங்களுக்கும் எது எங்கேன்னு தெரியும். வழியில கிடைச்ச ஒத்தை அட்டை போட பூஜை அலமாரி பக்கத்துல ஒரு பழைய பத்திரிகைக் கவரை மாட்டி வைங்க. அதைப் பிரிச்சுச் சேர்க்கறது உங்க வேலை, அத்தை வேலை இல்லை.

ஓதத்துக்கு: சிமெண்ட் ஷெல்ஃப்ல பெட்டியைச் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, நாலு விரக்கடை தள்ளி, அடியில ஒரு மணைப் பலகை போட்டு வைங்க. ஐப்பசி, கார்த்திகையில சேமிப்பு முழுசையும் ஸ்டீல் பீரோவுக்கு மாத்திடுங்க. வெயில்ல அட்டையைக் காயப் போடாதீங்க, லேமினேஷன் வளைஞ்சிடும், ஃபேன் காத்து போதும். பூச்சிக்குத் துணியில முடிஞ்ச வசம்பு. ஏட்டுச்சுவடிகளுக்கே அதைத்தான் வெச்சாங்க. அதுவும் மேலே இருக்கற சேமிப்புக்கு மட்டும், பையன் கைக்கு எட்டக் கூடாது.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அது நாப்தலீன். ஜி6பிடி குறைபாடுன்னு சில குழந்தைங்களுக்குப் பிறவியிலேயே இருக்கும், பல வீட்ல தெரிஞ்சிருக்கவே தெரியாது. அந்தக் குழந்தைங்களுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சிடும். எந்தக் குழந்தை முழுங்கினாலும் அது விஷம்தான், பார்க்கவும் மிட்டாய் மாதிரி இருக்கு. குழந்தை வாயில வைக்கற அட்டைகிட்ட அதை வைக்கலாமா? ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலமும் அப்படித்தான், தொண்டையில அடைக்கும்.

பையனுக்கு அட்டையே வேண்டாம் இப்போ. அலமாரியோட அடித்தட்டு அவனுக்கு. ஒரு கூடையில நிஜ கரண்டி, மரக்கட்டை, வாயில முழுசாப் போக முடியாத சாமான்கள். அக்காவோட அட்டை ரெண்டாவது தட்டுல, வேலை செய்யறது தரையில இல்லாம சின்ன மேஜையில.


வேளச்சேரி_மாடி எழுதியது:

அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. அத்தைக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். பழைய கவரைப் பூஜை அலமாரி பக்கத்துல அவங்களே மாட்டிட்டாங்க. தாம்பூலப் பை எங்க வீட்ல ஒரு மூட்டை இருக்கு, தைக்கக் கொடுக்கப் போறேன்.

சிவகாசி அண்ணா, நீங்க நினைச்சது சரிதான், லேமினேட் பண்ணிட்டுத்தான் வெட்டறோம். இனிமே 3 மி.மீ. ஓரம் விட்டுடறேன்.

அக்கா, எழுத்து அட்டையைப் பத்தி மட்டும் சொல்லுங்க. க வரிசை, ங வரிசைன்னு பதினெட்டு பை போடலாமா? இல்ல கா ஙா சா ஞான்னு நெடுக்கு வாக்குல பிரிக்கலாமா? மீதி இன்னும் அச்சுக்குக் கொடுக்கலை.


ஆத்தங்குடி எழுதியது:

அச்சுக்குக் கொடுக்கலைன்னு சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. 247-ம் அடிக்காதீங்கம்மா. தேவையில்லை.

நம்ம எழுத்தைப் பாருங்க. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ இந்த ஏழு உயிரும் மெய்யோட சேரும்போது கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்புன்னு தனித்துண்டாப் பக்கத்துல வந்து நிக்குது. எழுத்தோட உடம்புல ஒட்டறதில்லை. ‘கா’ன்னா ‘க’ அட்டைக்கு வலப்பக்கம் ஒரு கால் வெச்சா முடிஞ்சது. ‘கோ’ன்னா முன்னாடி இரட்டைக் கொம்பு, பின்னாடி கால். ஔகாரத்துக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி ‘ள’ அட்டை. ஏழு பதினெட்டு 126. இந்த 126 அட்டையை நீங்க செய்யவும் வேண்டாம், வைக்க இடம் தேடவும் வேண்டாம். குழந்தை தானே சேர்த்து உண்டாக்கும்.

அச்சடிக்க வேண்டியது உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18. அப்புறம் அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் மட்டும் பதினெட்டு பதினெட்டா 90. மொத்தம் 121. கூடவே கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு இந்த நாலு குறியும் ஒவ்வொண்ணும் ஆறு பிரதி. ‘பாட்டா’, ‘தாத்தா’ன்னு எழுதும்போது ஒரு கால் பத்தாது இல்லையா? தாத்தா, பாப்பா மாதிரி சொல்லுக்கு ஒரே எழுத்து ரெண்டு வேணும், அதனால அடிக்கடி வர்ற அகரத்துக்கு மட்டும் ரெண்டாவது பிரதி ஒண்ணு போட்டுக்குங்க. நிறம் எப்படின்னு கேட்பீங்க. உயிர் நீலம், மெய் சிவப்பு. குறிகளும் நீலம்தான், ஏன்னா அந்த ஒலி உயிரோடது.

பிரிக்கறது க வரிசை, ங வரிசையா வேண்டாம், நெடுக்கு வாக்குலதான் வேணும். இகரத்துப் பையில கி, சி, டி, தி, நி எல்லாம் ஒண்ணா இருந்தா அந்த மேல் சுழி ஒண்ணே திரும்பத் திரும்ப வர்றதைக் குழந்தை தானே பார்த்திடும். உகரம் மட்டும் ஒரு பையில அடங்காது, மூணு பை போடுங்க. கீழே நேர்கோடு இறங்கறது அஞ்சு: ஙு, சு, பு, யு, வு. கீழே போய் மேலே ஏறி நிக்கறது ஏழு: ஞு, ணு, து, நு, லு, று, னு. சுழிச்சு வர்றது ஆறு: கு, டு, மு, ரு, ழு, ளு. உகரத்துலதான் குழந்தைங்க திணறுவாங்க. இந்த மூணு பையாப் பிரிச்சு வெச்ச வகுப்புல திணறல் பாதியாக் குறைஞ்சதை நான் பார்த்திருக்கேன். ஊகாரத்தை நீங்க பிரிக்காதீங்க, அவகிட்ட பதினெட்டையும் கொடுத்து ஒரே மாதிரி இருக்கறதைச் சேர்க்கச் சொல்லுங்க. அவ பிரிச்சபடியே பை போடுங்க.

உப்புத்தாளை எழுத்து வடிவத்துல வெட்டி அட்டையில ஒட்டி உப்புத்தாள் எழுத்து பண்ணினா அதை லேமினேட் பண்ணக் கூடாது, விரலால தடவத்தானே அது. எல்லாம் ஒரே பக்கம் பார்க்க நிமிர்த்தி, தனிப் பெட்டியில வைங்க. மத்த அட்டையோட கலந்தா உரசி உரசி லேமினேஷன் மங்கிப் போகும்.

அத்தை எழுத்துச் சொல்லிக் கொடுக்கறாங்களான்னு தெரியலை. சொல்லிக் கொடுத்தா ஒண்ணு பாருங்க. 1978-ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்போ ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆக 13 எழுத்தோட வடிவம் மாறிச்சு. அதுக்கு முன்னாடி படிச்சவங்க ‘லை’யை யானைத் தும்பிக்கை போட்டு எழுதுவாங்க. மேலே சொன்ன 126 விதிவிலக்கே இல்லாம இவ்வளவு சுத்தமா வர்றதுக்கு அந்த மாற்றம்தான் காரணம். அத்தைக்குப் பழைய வடிவம் கை பழகியிருந்தா அந்த 13-ஐயும் அவங்க கையாலயே எழுதி வாங்கி ஒரு கவர்ல சேமிப்புல வைங்க. அலமாரிக்கு இப்ப வேண்டாம், அவ சரளமாப் படிக்க ஆரம்பிச்சதும் எடுத்துக் காட்டலாம்.

பெட்டி அளவு: அட்டையை 7½ செ.மீ. சதுரமா வெட்டுங்க. 121-ம் குறிகளும் ரெண்டாம் பிரதிகளும் சேர்த்து, சிவகாசித் தம்பி சொன்ன கணக்குப்படி, அடுக்கினா 10 செ.மீ.தான் வரும். நிமிர்த்தி வரிசையா வைக்க 9 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் இருக்கற எந்தப் பெட்டியும் போதும். பாதி இடம் காலியா இருக்கட்டும், அப்பதான் குழந்தை விரல் உள்ளே போய் அட்டையைத் தள்ளித் தேட முடியும்.